ஆறேகால் குடம்

“மூணு அடி” என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

நான் அடுப்படியில் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் 3 என்று எழுதினேன்.

“சரியா மூணா? பாத்துச் சொல்லுங்க.”

“மூணுதாம்ட்டி. நூல் பிசகல.”

“எம்புட்டு நீளத்துக்குச் சப்பிக் கெடக்கு?”

“ஏழடி. ரெண்டு கடைசியிலயும் உருண்டையாத்தான் இருக்கு. அங்கன ஒண்ணும் ஆகல.”

7 என்று எழுதினேன். நசுங்கிக் கிடந்த எங்கள் தண்ணீர் டேங்கின் பழைய குறுக்களவு ஐந்து அடி என்பது எனக்கு முன்பே தெரியும். அவ்வளவுதான், கணக்குக்கு வேண்டியதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. பத்தடி நடந்து வெளியே போய் அந்த டேங்கைக் கண்ணால் பார்க்கவில்லை. கல்லில் தோசை கிடந்தது என்று சாக்குச் சொல்லலாம். உண்மைக் காரணம் வேறு. இருபது வருடமாகக் கரும்பலகையில் உருளை வரைகிறவளுக்கு உருளையைப் போய்ப் பார்க்க வேண்டுமா என்ற நினைப்பு.

இந்த வாரம் நான் சொல்லப்போகிற தப்பு முழுக்க அந்த அடுப்படியில்தான் தொடங்கியது.

இருபத்தைந்தாம் வீடு

இந்தப் பக்கத்தை இப்போதுதான் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சத்தம் கொடுத்தது என் வீட்டுக்காரர் கருப்பசாமி. இடைசெவல் பக்கம் கொஞ்சம் கரிசல் நிலம், ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் மாட்டுகிற ஒரு தண்ணீர் டேங்கர். இவைதான் அவர் உலகம். டேங்கின் மஞ்சள் பெயின்ட் மேல் முன்பு நீல எழுத்தில் ‘6000 லிட்டர்’ என்று எழுதியிருந்தது.

ஊரின் வடக்கு ஓரத்தில் இருக்கிறோம். குழாய்த் தண்ணீர் இங்கே வந்தால் வந்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் இருபத்தைந்து வீடு. தெருவே சேர்ந்து ஒரு லோடு சொல்லும். அப்போது வீட்டுக்குப் பதினாறு குடம். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடம், கழுத்து வளையம் வரைக்கும் பிடிக்க வேண்டும், வழியவிடக் கூடாது. தெருமுனையில் தொடங்கி வரிசையாகப் போய், கடைசி வீட்டில் பதினாறாவது குடம் நிறையும்போது டேங்கு வற்றிவிடும். ஒரு சொம்பு முன்னே பின்னே இருக்கும். அதற்கு மேல் பிசகாது.

கடைசி வீடு ராமலட்சுமி அக்காவுடையது. தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடுக்கிப் பண்டல் கட்டுகிறவள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பக்கத்தில் இருப்பவளை ஏசிக்கொண்டே அடுக்குவாள். ஒரு பண்டலில் ஒரு பெட்டி கூடக் கூடவோ குறையவோ இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நாக்கு கொஞ்சம் நீளம். அந்தத் தெருவில் பாதிப்பேர் அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்கள்.

இது நடந்தது நாலைந்து வருடம் முந்தி. அதற்கு முந்தின ஐப்பசியில் நல்ல மழை. கரிசல் மண் நனைந்தால் என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பை விட்டுவிட்டு மனிதன் மட்டும் வீட்டுக்கு வருவான். இவர் தண்ணீர் பிடிக்க வெறும் டேங்கோடு தோட்டத்துப் போர்வெல்லுக்குப் போனபோது, வண்டிப்பாதையில் டயர் வழுக்கி, டேங்கு அப்படியே சாய்ந்து வாய்க்கால் பாலத்துக் கட்டைச்சுவரில் போய் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜேசிபி வைத்துத் தூக்கினார்கள். டேங்கின் வலது விலாவில் மட்டும், கன்னத்தில் அறைந்த மாதிரி ஒரு நீளமான சப்பை.

பட்டறைக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வெட்டி வேறு தகடு வைத்தால்தான் சரியாகும் என்றார். தட்டிப் பார்த்தார், ஒழுகவில்லை. “ஒழுகாத டேங்க எதுக்கு வெட்டணும்” என்று இவர் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க டேங்கு ஷெட்டில் சும்மா கிடந்தது. சப்பையை எல்லோரும் மறந்தே போனோம்.

பங்குனியில் முதல் லோடு போனது. இருபத்துநாலு வீடு முடிந்து, ராமலட்சுமி அக்கா வாசலில் பத்தாவது குடம் நிறையாமல் டேங்கு நின்றுவிட்டது.

“அண்ணாச்சி, எனக்கு ஒம்பதே முக்கால் குடம்தான் வந்திருக்கு.”

“மேல யாராச்சும் கூடப் புடிச்சிருப்பாவ, தாயி.”

“ஒருத்தரும் புடிக்கல. தலைவீட்டுல இருந்து எண்ணிட்டுத்தான வாரேன். ஒங்க டேங்குதான் பொய் சொல்லுது.”

பத்தில் ஒன்று

அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்றார். பசி வந்தால் பாத்திரத்தை உருட்டுகிற ஆள் அவர்.

அந்தப் ‘பொய்’ என்ற சொல் இவரை எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை கடம்பூர் போனவர் போளி வாங்கி வந்தார். வண்டியை நிறுத்தி, உள்ளே வந்து, பொட்டலத்தை என் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே சொன்னார்: “பத்து வாங்குனேன். வழியில ஒண்ணத் தின்னுட்டேன். ஒம்பதுதான் இருக்கும்.” நான் எண்ணப் போவதில்லை. எண்ணினாலும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும் அவருக்கு. இப்படிப்பட்ட ஒருவரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துவது சில நேரம் எரிச்சலாக இருக்கும். விருந்தாளியிடம் சமையல் நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்டால், உப்பு கம்மி என்று இவரே முந்திக்கொண்டு சொல்வார்.

அவருக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது.

“தகடு அதே தகடு. ஒரு சொட்டு ஒழுகல. வெட்டல, ஒட்டல. அதே தகட்டுக்குள்ள தண்ணி எப்படிட்டி கொறையும்?”

நான் சிரித்தேன். வகுப்பில் யாராவது அசட்டுக் கேள்வி கேட்டால் சிரிப்பேனே, அந்தச் சிரிப்பு. அதே தகடாக இருந்தாலும் முழு வட்டமாக இருந்தால்தான் அதிகம் கொள்ளும், சப்பினால் குறையும் என்று சொன்னேன். அது சரிதான். ஆனால் அவர் சொன்னதில் பாதி விஷயம் இருந்தது. அதை நான் அந்தச் சிரிப்போடு சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

“எம்புட்டுக் கொறையும்னு சொல்லு. தெருவுல போய்ச் சொல்லணும்” என்றார். மறுநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போக, நான் தோசைக்கல்லோடு உள்ளே நின்ற கதை இதுதான்.

கொத்தனார் மூலை

மூன்றடியும் ஐந்தடியும் சேர்ந்ததுமே எனக்கு மனசுக்குள் ஒரு குதூகலம். கணக்கு டீச்சர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இது.

டேங்கை முன்பக்கமிருந்து பார்த்தால் ஒரு வட்டம். ஆரம் இரண்டரை அடி. சப்பை விழுந்த இடம் அந்த வட்டத்தில் ஒரு நாண், மூன்றடி. நாணில் பாதி ஒன்றரை. மையத்திலிருந்து நாணுக்கு எவ்வளவு தூரம்? இரண்டடி. ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று ஒரு செங்கோண முக்கோணம். இரண்டால் பெருக்கினால் மூன்று, நான்கு, ஐந்து.

எங்கள் வீடு கட்டும்போது கொத்தனார் ஒருவர் கயிற்றை மூன்றடி, நாலடி, ஐந்தடியாக இழுத்து மூலை மட்டம் பார்த்தார். “இது தப்பவே தப்பாதும்மா” என்றார். அது பாட்டுக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சைக்கு வருகிறது என்று நினைத்திருந்தவளுக்கு, என் வீட்டு மூலையிலேயே அது நிற்பதைப் பார்த்து அன்றைக்கு ரொம்பச் சந்தோஷம். இப்போது அதே மூன்று நான்கு ஐந்து, தோசை வேகிற நேரத்தில், தண்ணீர் டேங்குக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது.

நாணுக்கு அந்தப்பக்கம் இருக்கிற வட்டத்துண்டின் பரப்பைக் கண்டுபிடித்தேன். ஒரு சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. அதை ஏழடி நீளத்தால் பெருக்கினால் ஏழு கன அடி சொச்சம். கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர் சில்லறை. மொத்தம் இருநூற்றிரண்டு லிட்டர் குறைகிறது.

“பதிமூணரைக் குடம்” என்றேன் தோசையைத் திருப்பிப் போட்டபடி.

ஜன்னலுக்கு வெளியே அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஆறேகால் குடம் குறைகிறது என்றுதான் ராமலட்சுமி அக்கா சொல்லியிருந்தாள். அதுவே அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, நான் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சொல்கிறேன்.

அந்த வித்தியாசம் என்னை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. குடத்தில் பிடிக்கிற ஆட்கள் ஏதோ எண்ணிச் சொல்கிறார்கள், நாம் சூத்திரத்தில் போட்டிருக்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

இல்லாத குறை

அடுத்த லோடு ஒரு சனிக்கிழமை. பள்ளி விடுமுறை, நானும் போயிருந்தேன். தெருமுனையில் டிராக்டரை நிறுத்தி, குழாயைத் திறப்பதற்கு முன்னால், இவர் எல்லோரையும் கூப்பிட்டார்.

“ஒரு விஷயம் சொல்லிக்கிடுதேன். டேங்கு சப்புனதுல பதிமூணரைக் குடம் கொறையுது. தெரியாம ஆறாயிரம்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க.”

குடத்தைக் கீழே வைத்துவிட்டு ராமலட்சுமி அக்கா முன்னால் வந்தாள்.

“பதிமூணரைன்னு யாரு சொன்னா?”

“எங்க வீட்டுல கணக்குப் போட்டுப் பாத்தா.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூட ஆய்வுக்கு வருகிற அதிகாரி முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை.

“டீச்சர், பதிமூணரை கொறைஞ்சா, கடைசி வீட்டுக்காரி எனக்கு ரெண்டரைக் குடம்தான வந்திருக்கணும்? ஒம்பதே முக்கால் வந்துச்சு. நானே எண்ணுனேன். கொறைஞ்சது ஆறேகால்.”

பதினாறில் பதிமூன்றரையைக் கழித்துப் பார்த்தேன். இரண்டரைதான் வந்தது.

“அண்ணாச்சி டேங்கு பொய் சொல்லுதுன்னு சொன்னது நாந்தான். இல்லங்கல. அதுக்காவ இல்லாத கொறையச் சொன்னா அதுவும் பொய்தான? அவிய பேர நீங்களே கெடுக்காதீங்க.”

இவரைச் சந்தி சிரிக்க வைத்தவள் என்று இரண்டு வாரமாக நான் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்த மனுஷி, தெரு நடுவில் நின்று இவருக்காக என்னிடம் வாதாடுகிறாள். என் இருபது வருடக் கணக்கு, அவளுடைய ஒரு கழித்தலில் படுத்துவிட்டது. அவமானமாக இருந்தது. அவளை ரொம்பப் பிடித்தும் போனது. இரண்டும் ஒரே நேரத்தில்.

வளர்ந்த டேங்கு

லோடு முடிந்து டிராக்டர் வீட்டுக்கு வந்தது. நான் முன்னாலேயே வந்து ஷெட்டு வாசலில் நின்றேன். டேங்கு உள்ளே நுழையும்போது மேலே கிறீச்சென்று ஒரு சத்தம். கூரையைத் தாங்குகிற குறுக்குக் குழாயில் டேங்கின் முதுகு உரசியது. குழாயில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது.

“இது எப்பருந்து உரசுது?” என்றேன்.

“விழுந்ததுல இருந்துதான். முன்னாடி ஒரு விரக்கடை எடம் இருக்கும். நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா, டேங்கு வளந்துட்டுன்னு.”

சொன்னார். கார்த்திகையிலோ மார்கழியிலோ, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வந்து, “ஏட்டி, நம்ம டேங்கு வளந்துட்டு” என்றார். விவசாயி வீட்டில் எல்லாம்தான் வளரும் என்று கேலி செய்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பக்கத்தில் போய் நின்று டேங்கைப் பார்த்தேன். டேப்பை நானே பிடித்தேன். ஐந்தடி இருக்க வேண்டிய உயரம், ஐந்தடியும் முக்கால் அங்குலமும்.

கொடிக்கம்பியில் ஒரு துண்டு எடுத்து வளையமாக முறுக்கி, தரையில் வைத்து ஒரு பக்கத்தை அமுக்கினேன். அமுக்கிய பக்கம் தட்டையானது. மற்ற பக்கமெல்லாம் வெளியே பிதுங்கியது.

இவ்வளவுதான் விஷயம். நான் போட்ட கணக்கு, கத்தியால் ஒரு துண்டை வெட்டி எடுத்த வட்டத்துக்கு. இந்த டேங்கை யாரும் வெட்டவில்லை. அமுக்கியிருக்கிறது. வெட்டினால் தகடு போய்விடும். அமுக்கினால் அதே தகடு வேறு பக்கம் நகரும். சுற்றளவு மாறாது. “அதே தகடுதான” என்று அவர் சொன்னாரே, அதைத்தான் நான் கணக்கில் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

“நீங்க சொன்னதுதான் சரி” என்றேன். “பாதி.”

“பாதியா?” என்று கேட்டு, முதல்முறையாக அன்றைக்குச் சிரித்தார்.

ஷெட்டிலேயே உட்கார்ந்தோம். புதுக் கணக்கு பழையதைப் போல் எளிதில் முடியவில்லை. மூன்றடி தட்டை, மிச்சத் தகடு முழுக்க ஒரு பெரிய வட்டத்தின் வில். அந்த வட்டத்தின் ஆரம் என்ன? நேராக விடை தருகிற சூத்திரம் கிடையாது. ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும், கூடினால் குறைக்க வேண்டும், குறைந்தால் கூட்ட வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் செல்போனில் தட்டினார். விரலில் கிரீஸ். திரை முழுக்கக் கறுப்பு. “கூடிட்டு”, “இப்பக் கொறைச்சல்”, “இன்னும் ஒரு நூல் ஏத்து” என்று டிராக்டர் பின்னால் எடுப்பவருக்கு வழி சொல்கிற மாதிரியே சொன்னார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டது அதுதான் முதல்தடவை. இன்னும் கொஞ்ச நேரம் விடை வராமல் இருக்கலாமே என்று எனக்கு இருந்தது.

ஆரம் இரண்டரை அடியைவிடக் கொஞ்சம் கூட வந்தது. குறைந்த பரப்பு ஒரு சதுர அடி அல்ல, அரையைவிடக் கம்மி. ஏழடிக்குத் தொண்ணூற்று நாலு லிட்டர். பதினைந்தால் வகுத்தேன்.

ஆறேகால் குடம்.

நீல எழுத்து

அன்று சாயங்காலமே ராமலட்சுமி அக்கா வீட்டுக்குப் போனோம். தண்ணீர் பிடித்ததும் ஆபீசுக்குப் போனவள் அப்போதுதான் வந்திருந்தாள், கையில் தீப்பெட்டி மருந்து வாசம். நான் காலண்டர் அட்டையோடு நின்று விடையைச் சொன்னேன். அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை.

“அதத்தான டீச்சர் நானும் சொன்னேன்” என்றாள். பிறகு டம்ளரில் காப்பியை ஆற்றிக்கொண்டே, “வீட்டுக்குக் கால் குடம் கொறைச்சுப் புடிச்சா எல்லாருக்கும் சரியாப் போவும்லா. இருபத்தஞ்சு கால், ஆறேகால்” என்றாள்.

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மதியம் முழுக்க ஷெட்டில் உட்கார்ந்த இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

இப்போதும் அந்தத் தெருவில் அப்படித்தான். பதினைந்து குடம் நிறைய, பதினாறாவது முக்கால். யாருக்கும் ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. முக்கால் குடத்தைப் பிள்ளைகள்கூடத் தூக்கலாம் என்று அதிலும் ஒரு வசதி கண்டுபிடித்துவிட்டார்கள்.

மறுநாள் இவர் பெயின்டரைக் கூட்டி வந்தார். ‘6000’ என்று எழுதிய அதே ஆள். புது எண் என்ன என்று பெயின்டர் கேட்க, இவர் என்னைப் பார்த்தார். ஆறாயிரத்தில் தொண்ணூற்று நாலு போக மிச்சத்தை யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

“ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.”

“தொள்ளாயிரம்னு போட்டுருவோமே அண்ணாச்சி. அந்த ஆறு எதுக்கு? பாக்க நல்லாருக்காது” என்றார் பெயின்டர்.

“அவ போட்ட கணக்கு அது. ஒரு லிட்டர்கூட விடாம எழுது” என்றார் இவர்.

அப்படியே எழுதினார். கோவில்பட்டியில் இப்படி ஒரு எண்ணோடு ஓடுகிற டேங்கு இது ஒன்றுதான். ஆறுலிட்டர் வண்டி என்று ஊரில் பெயராகிவிட்டது. யாராவது கேட்டால், இவர் டிராக்டரை நிறுத்தி, சப்பையைக் காட்டி, தகடு அதே தகடு என்று தொடங்கி, முழுக் கதையையும் சொல்வார். தன் பெண்டாட்டி தப்பாகப் போட்டதையும் விடமாட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சப்பை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான் முடிவு செய்தோம். அந்த ஏழடியில் அரையடி முன்னே பின்னே போனால் ஆறேழு லிட்டர் மாறிவிடும். ஆகவே அந்தக் கடைசி ஆறுக்கு எந்த ஆதாரமும் இல்லை. பெயின்டர் சொன்னதுதான் சரி. அன்றைக்கே எனக்கு அது தெரியும். தூரிகை டேங்கில் படுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “அவ போட்ட கணக்கு” என்று அவர் சொன்ன விதத்தைக் கேட்டபிறகு எனக்கு வாய் வரவில்லை.

ஒரு போளிக்குக் கணக்குச் சொல்கிற மனுஷன், இத்தனை வருடமாக என்னால் ஒரு பொய்யை முதுகில் எழுதிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறார். இந்த இதழ் வந்ததும், டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து முதல் ஆளாக இந்தப் பக்கத்தைத்தான் படிப்பார். படித்ததும் எழுந்துபோய்ப் பெயின்டருக்கு போன் போடுவார், எனக்குத் தெரியும்.

ஏங்க, அந்த ஆறை மட்டும் அழிக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்.